சுரைக்காய்க் கூட்டும் ஐந்து குபூஸும்

1

செல்வராசு கிரேனை விட்டு இறங்கியதற்கு நீங்கள்தான் காரணம், மேடம்.

கம்பெனியும் ஒரு காரணம். கேம்ப் மெஸ்ஸும் ஒரு காரணம். அவன் உடம்பும் ஒரு காரணம். அவர்களையும் விடப் போவதில்லை. ஆனால் முதல் ஆள் நீங்கள். போன வருடம் துபாயில், ஏசி ஹாலில், வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு மேடையில் நின்று, அவன் கேட்ட கேள்விக்கு மைக்கில் ஒரு பதில் சொன்னீர்கள். அந்தப் பதிலை அவன் நம்பினான். அதுதான் அவனைக் கீழே இறக்கியது.

உங்கள் பெயரை எழுத மாட்டேன். உங்களுக்குத் தெரியும், அந்த ஹாலில் இருந்தவர்களுக்கும் தெரியும். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்குப் பெயர் வேண்டாம், நடந்தது போதும்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டுமானக் கம்பெனியில் பஸ் டிரைவர். காலையில், தொழிலாளர்கள் தங்குகிற கேம்ப்பிலிருந்து ஆட்களை சைட்டுக்குக் கொண்டுபோய் விடுவேன், சாயங்காலம் திரும்பக் கொண்டுவருவேன். பொண்டாட்டி ரஹ்மத்தும் மகள் அஃப்ரினும் என்னோடு ஷார்ஜாவில் ஒரே அறை வீட்டில் இருக்கிறார்கள். சொந்த ஊர் அதிராம்பட்டினம். எழுதிப் பழக்கம் இல்லை. கோபம் வந்தால் பேசுவேன். இந்த முறை பேசி ஆகவில்லை. அதனால் எழுதுகிறேன்.

செல்வராசு பேராவூரணிக்காரன். நான் ஊரில் மினி பஸ் ஓட்டிய காலத்தில் அவன் ஜேசிபி ஓட்டினான். டீக்கடையில் பழக்கமாகி, மச்சான் முறை சொல்லிக் கூப்பிட ஆரம்பித்து, கடைசியில் இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் வந்து விழுந்தோம். இங்கே அவன் டவர் கிரேன் ஆப்பரேட்டர். கட்டடத்துக்கும் மேலே, வானத்தில் தொங்குகிற அந்தச் சின்னக் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பான். கீழே நிற்கிறவர்களுக்கு ஹெல்ப்பர், லேபர் என்று பெயர். மேலே இருக்கிறவனை ஃபோர்மேன்கூட "ஆப்பரேட்டர் சாப்" என்பான். ஊரில் அவன் மகள் நர்சிங் படிக்கிறாள். ஆப்பரேட்டர் சம்பளத்தை நம்பித்தான் அவளைச் சேர்த்தான். அந்தப் பெட்டி போனால் அவனுக்கு என்ன போகும் என்று இப்போது புரிந்திருக்கும்.

கிரேன் ஏறுகிறவனுக்கு வருடா வருடம் உடம்பைப் பார்த்து ஃபிட் என்று எழுதித் தர வேண்டும். போன வருடம் கம்பெனி கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை கூடுதல். டாக்டர் வடநாட்டுக்காரர். மாத்திரை எழுதிக் கொடுத்து, "சாவல் பந்த் கரோ" என்றார். சோற்றை நிறுத்து, அவ்வளவுதான். வேறு எதைத் தின்பது என்று கேட்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்போம், குறையவில்லை என்றால் கேபின் ஏற விட மாட்டோம் என்று மட்டும் சொன்னார்கள்.

அந்த மூன்று மாதத்துக்குள்தான் உங்கள் நிகழ்ச்சி வந்தது.

2

ஊரில் இருக்கிறவர்களுக்கு இங்கே இது எப்படி நடக்கும் என்று தெரியாது. தமிழ்ச் சங்கங்கள் விழா நடத்தும். ஹால் நிறைய வேண்டும், போட்டோவில் காலி நாற்காலி தெரியக் கூடாது. அதனால் கேம்ப்புக்கு போன் போடுவார்கள். "வெள்ளிக்கிழமை ஒரு பஸ் ஆள் அனுப்புங்க பாய், சாப்பாடு உண்டு." நாங்கள் போவோம். பின்வரிசையில் உட்காருவோம். கை தட்டச் சொன்னால் தட்டுவோம்.

அன்றைக்கு நிகழ்ச்சியின் பெயர் ஆரோக்கிய மாலை. உங்களை உணவு நிபுணர் என்று அறிமுகம் செய்தார்கள். நம் பாரம்பரியக் காய்கறிக் கூட்டை நோய் வராதபடி சமைப்பது எப்படி என்று நீங்கள் மேடையிலேயே செய்து காட்டினீர்கள். மின்சார அடுப்பு, கண்ணாடி மூடி, பெரிய திரை. புரோக்கோலி போட்டீர்கள். மூன்று நிறத்தில் குடைமிளகாய் போட்டீர்கள். தேங்காய்க்குப் பதில் பாதாம் பால் ஊற்றினீர்கள். ஆலிவ் எண்ணெயில் கடுகு தாளித்தீர்கள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தூத்துக்குடிக்காரர் ஒருவர் காதுக்குள் சொன்னார்: "ஏல, இது கூட்டா, பூச்செண்டா?"

சிரித்தோம். கோபம் இல்லை. உங்களுக்கு வாங்க முடிகிறது, போடுகிறீர்கள். அதில் சத்து இல்லை என்று நான் சொல்லவில்லை.

பிறகு கேள்வி நேரம். மைக் பின்வரிசைக்கு வந்தது. செல்வராசு எழுந்தான். நாலு பேர் முன்னால் பேசி அறியாதவன். காது மடல் சிவந்துபோயிருந்தது.

"மேடம், எனக்கு சுகர் இருக்கு. கேம்ப்புல ரூம்ல சமைக்க விட மாட்டாங்க. மெஸ்ல குடுக்கறதுதான். டாக்டர் சோத்த நிறுத்தச் சொல்லிட்டாரு. அப்ப நான் என்ன சாப்பிடறது?"

நல்ல கேள்வி. அந்த மாலையில் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி. முன்வரிசையில் கேட்டவர்களெல்லாம் சியா விதையைப் பற்றிக் கேட்டார்கள்.

நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்: "ரொம்ப ஈஸி பிரதர். சோத்துக்கு பதிலா குபூஸ் சாப்பிடுங்க. கோதுமைதானே? உங்களுக்குத்தான் இங்க எங்க பார்த்தாலும் கிடைக்குதே!"

ஹால் கை தட்டியது. நானும் தட்டினேன். மைக் அடுத்த ஆளிடம் போய்விட்டது.

எவ்வளவு சாப்பிடுவாய், எதைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுவாய், அந்த மெஸ்ஸில் காய் உண்டா இல்லையா, ஒன்றும் கேட்கவில்லை. கேட்க எவ்வளவு நேரம் ஆகும், மேடம்?

முடிந்ததும் முன்வரிசைக்கு உள்ளே மேஜை போட்டு விருந்து. பின்வரிசைக்கு வாசலில் பிரியாணிப் பொட்டலம். காய்கறி சாப்பிடச் சொன்ன கூட்டத்தில் எங்களுக்குக் கொடுத்தது பிரியாணி. செல்வராசு தன் பொட்டலத்தைப் பின் சீட்டுப் பையனிடம் தூக்கிக் கொடுத்தான். கேம்ப் வாசலில் இருக்கிற மலையாளி கடை முன்னால் பஸ்ஸை நிறுத்தச் சொன்னான்.

"எதுக்குடா?"

"குபூஸ் வாங்க மச்சான். இன்னையிலருந்து சோத்தக் கையால தொட மாட்டேன்."

3

குபூஸ் என்றால் என்ன என்று ஊரில் கேட்பார்கள். உப்பலாக, வட்டமாக, வெள்ளையாக ஒரு ரொட்டி. பாலிதீன் கவரில் அடுக்கி விற்பார்கள். மலிவு. கெடாது. சைட்டில் வெயிலில் வைத்தாலும் புளிக்காது. பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டே இருக்கலாம். அதில் தவிட்டோடு செய்ததும் உண்டு. ஆனால் கேம்ப்புக்கு வருவது வெள்ளை. மைதா.

ஊரில் டாக்டர்கள் சர்க்கரைக்காரனைச் சப்பாத்தி சாப்பிடச் சொல்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எங்கள் ஆட்களுக்கு ரொட்டி என்றால் மருந்து, சோறு என்றால் விஷம் என்று மண்டையில் பதிந்துவிட்டது. வளைகுடாவில் சர்க்கரை வந்த தமிழன் முதலில் செய்வது இதுதான்: சோற்றை விட்டுவிட்டு குபூஸைப் பிடிப்பான். ஒரு தட்டுச் சோற்றில் வயிறு நிறைகிறவன் அதே வயிற்றை நிறைக்க நாலு, ஐந்து தின்பான். மெஸ்ஸில் தொட்டுக்கொள்ள என்ன தருவார்கள்? எண்ணெய் மிதக்கிற சால்னா, இல்லையென்றால் உருளைக்கிழங்கு. மைதாவை உருளைக்கிழங்கில் தொட்டுத் தின்றுவிட்டு, பத்தியம் இருக்கிறேன் என்பான்.

செல்வராசு அப்படித்தான் இருந்தான். அதுவும் பெருமையாக. மெஸ்ஸில் பக்கத்துத் தட்டைப் பார்த்து, "இன்னும் சோத்தையே அள்ளிக்கிட்டு இருக்கியே, உனக்கெல்லாம் எப்பத்தான் புத்தி வருமோ" என்று பேசுவான். உங்களைப் பற்றிச் சொல்வான், மேடம். "அந்தம்மா கரெக்டா சொன்னாங்க" என்பான்.

மூன்று மாதம் முடிந்து கிளினிக்குக்குப் போனான். சர்க்கரை முன்பைவிடக் கூடியிருந்தது. டாக்டர் பேப்பரைப் பார்த்துவிட்டு, "தும் மீட்டா காத்தா ஹை" என்று கத்தினார். இனிப்புத் தின்கிறாய், பொய் சொல்கிறாய் என்று அர்த்தம். இவன் பிள்ளை மேல் சத்தியம் செய்தான். நம்பவில்லை. கேபின் ஏறக் கூடாது, இன்னும் ஒரு தடவை பார்ப்போம், அதோடு கலாஸ், முடிந்தது என்றார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தவனைப் பார்த்து ஒரு மலையாளி நர்ஸ் நின்றார். கூட்டிப்போக வந்த நான் பக்கத்தில் இருந்தேன்.

"சேட்டா, ராத்திரி எந்தா கழிக்குந்நே?" ராத்திரி என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார்.

"சோறே தொடறதில்ல சிஸ்டர். வெறும் குபூஸ்தான்."

"எத்ர எண்ணம்?"

"அஞ்சு. பசிச்சா ஆறு."

நர்ஸ் நெற்றியில் கை வைத்தார். "எண்டம்மே! அது மைதயாணு சேட்டா. யாரு பறஞ்ஞு குபூஸ் கழிக்கான்?" அது மைதா, யார் சொல்லி இதைத் தின்கிறாய் என்றார்.

செல்வராசு என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

அவர் படித்தவர், வேலை தெரிந்தவர், மூன்று மாதத்தில் முதல் தடவையாக ஒருவர் அவன் என்ன தின்கிறான் என்று கேட்டார். நின்ற இடத்திலேயே சொன்னார். சோறு விஷம் இல்லை, அளவாகத் தின்னலாம். தட்டில் பாதிக்குக் காய் இருக்க வேண்டும். பருப்பு வேண்டும். காயில் இருக்கிற நார்ச்சத்து சர்க்கரை சட்டென்று ரத்தத்தில் ஏற விடாது. "நிங்களுடெ நாட்டில கூட்டு இல்லே? அது கழிக்கு" என்றார். உங்கள் ஊரில் கூட்டு இருக்கிறதே, அதைச் சாப்பிடு. அவ்வளவுதான். அடுப்பு வேண்டாம், மேடை வேண்டாம், பாதாம் பால் வேண்டாம்.

4

கூட்டு என்றதும் ஊர் நினைவில் கண் கலங்கியது என்று எழுதப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். எங்களுடையது கடற்கரை ஊர். மீன் இல்லாத நாளில்தான் எங்கள் வீட்டில் காய். சுரைக்காயைப் பார்த்தாலே உம்மாவிடம், "இன்னைக்கு யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்பேன். செல்வராசுவும் அப்படித்தான். அவன் வீட்டுக் கொல்லையில் காய்க்கிற புடலங்காயை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டுக் கருவாடு வாங்கித் தின்கிற ஆள். நாங்கள் காய்கறி தின்று வளர்ந்தவர்கள் இல்லை. இங்கே வந்து அது கிடைக்காமல் போன பிறகுதான் அதன் அருமையைப் பற்றிப் பேசுகிறோம். பொய் வேண்டாம்.

ரஹ்மத்திடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் கோபக்காரி இல்லை, காரியக்காரி.

"அண்ணனுக்கு நான் ஆக்கித் தர்றேன். காய மட்டும் நீங்க வாங்கிட்டு வாங்க. பெருசு பெருசா முத்துனத வாங்கிட்டு வந்தீங்க, உங்க தலையிலயே உடைப்பேன்."

அவள் செய்கிற சுரைக்காய்க் கூட்டைச் சொல்கிறேன். யார் வேண்டுமானாலும் செய்யலாம். பாசிப்பருப்பைக் கழுவி, மஞ்சள் தூள் போட்டு, மலர்ந்தும் மலராமலும் வேக வைக்க வேண்டும். குழைந்துவிட்டால் கஞ்சி. இளசான சுரைக்காயை நகத்தால் கீறிப் பார்த்து வாங்கி, தோலை மெல்லிசாகச் சீவி, துண்டு போட்டு அந்தப் பருப்புத் தண்ணீரிலேயே போட வேண்டும். தனியாக வேக வைத்துத் தண்ணீரைக் கொட்டக் கூடாது. கேம்ப் மெஸ்ஸில் அதைத்தான் செய்கிறார்கள். பெரிய அண்டாவில் காயை அவித்து, தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, சக்கையை எடுத்து மசாலாவில் புரட்டுகிறார்கள். தண்ணீரில் கரைகிற சத்தெல்லாம் சாக்கடைக்கு. காய் வெந்ததும், சீரகம், பச்சை மிளகாய், ஒரு கை தேங்காய் அரைத்து ஊற்றி ஒரு கொதி. கொஞ்சம் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் முடிந்தது. கறிவேப்பிலையை ஒதுக்கினால் ரஹ்மத் முறைப்பாள்.

பருப்பில் புரதம். காயில் நாரும் நீரும். வெயிலில் வேர்த்துக் கொட்டுகிறவனுக்கு அந்த நீர் வேண்டும். முருங்கைக்கீரை கிடைக்கிற நாளில் அதைப் போடுவாள், அது இரும்புச் சத்து. வாரத்தில் ஒரு நாள் பூசணி, ஒரு நாள் புடலங்காய், ஒரு நாள் முட்டைக்கோஸ். வயிறு நிறையும், ஆனால் கனக்காது. இது மருந்து என்று சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்லவும் இல்லை. நர்ஸ் அதையும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இது சாப்பாடு. மனுஷன் சாப்பிட வேண்டிய சாப்பாடு.

அஃப்ரின் எட்டாவது படிக்கிறாள். அவள் பள்ளிக்கூடத்தில் நல்ல உணவு என்று படம் வரைந்து வரச் சொல்லியிருந்தார்கள். அவள் வரைந்த தட்டில் அவகாடோ இருந்தது, சால்மன் மீன் இருந்தது. "சுரைக்கா எங்கடி?" என்றேன். "வாப்பா, டோன்ட் பி ஃபன்னி. அதுக்கு இங்கிலீஷ்ல பேரே எனக்குத் தெரியாது" என்றாள். சாப்பாட்டு நேரத்தில் கூட்டுக் கிண்ணத்தை ஒரு விரலால் என் பக்கம் தள்ளுகிறாள். நானும் ஒரு காலத்தில் தள்ளியவன்தான். ஆனால் நான் தள்ளியபோது அதன் பெயராவது எனக்குத் தெரியும்.

5

கூட்டு தயார். அதைச் செல்வராசுவிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பாடு.

முதல் நாள் காலை டிபன் கேரியரோடு கேம்ப்புக்குப் போனேன். கேட்டில் செக்யூரிட்டி மறித்தான். "பாஹர் கா கானா மாஃபி, பாய்." வெளிச் சாப்பாடு உள்ளே போகக் கூடாது. யாருக்காவது வயிறு கெட்டால் கம்பெனிக்குப் பொறுப்பாம். மெஸ் சாப்பாட்டில் வயிறு கெட்டால் யார் பொறுப்பு என்று கேட்டேன். அவனுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை, அல்லது நன்றாகவே புரிந்தது.

கேம்ப் பாஸிடம் போனேன். ஹெச்ஆரிடம் கேள் என்றார். ஹெச்ஆரில் இருந்த பெண், இது சேஃப்டி விஷயம் என்றாள். சேஃப்டி ஆபீசர் எங்கள் தமிழ் ஆள்தான், திருச்சிப் பக்கம். அவராவது புரிந்துகொள்வார் என்று போனேன்.

"பாய், நீங்க சொல்றது கரெக்டுதான். ஆனா ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கொண்டு வருவாங்க."

"கொண்டு வரட்டுமே சார். காய்தானே, கஞ்சாவா?"

"சும்மா பேசாதீங்க பாய். ஒரு அப்ளிகேஷன் எழுதி கேம்ப் பாஸ்கிட்ட குடுங்க."

ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேர்ந்தேன். அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு போஸ்டர். வண்ண வண்ணக் காய்கறி, அதன் நடுவே ஒரு தொழிலாளி ஹெல்மெட் போட்டுக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறான். தினமும் காய்கறி சாப்பிடுங்கள் என்று ஐந்து மொழியில் எழுதியிருக்கிறது. தமிழும் இருந்தது. படித்துவிட்டு வெளியே வந்தேன்.

அப்ளிகேஷன் எழுதவில்லை. கேட்டுக்குள்தான் கூடாது, பஸ்ஸுக்குள் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. உண்மையில் சொல்லியிருக்கிறார்கள். என் சீட்டுக்குப் பின்னாலேயே ஸ்டிக்கர் இருக்கிறது, பஸ்ஸில் சாப்பிடக் கூடாது என்று. ஆனால் பஸ் என் கையில். அடுத்த நாளிலிருந்து கேரியர் டிரைவர் சீட்டுக்கு அடியில். ஆட்களை ஏற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டியதும் செல்வராசு முன் சீட்டுக்கு வந்து கேரியரைத் திறப்பான். கொஞ்சம் சோறு, நிறையக் கூட்டு. கேபின் போய்விட்டதால் அப்போது அவனை ஸ்டோரில் போட்டிருந்தார்கள். விடிகிற நேரத்தில், ஷேக் சாயித் ரோட்டில், ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்து சுரைக்காய்க் கூட்டுத் தின்றான்.

ராத்திரி மெஸ்ஸில் அளவாகச் சோறு, குபூஸ் கிடையாது. மத்தியானத்துக்கு இன்னொரு டப்பா. முதல் நாளே அது கெட்டுப்போனது. தேங்காய் அரைத்த கூட்டு இந்த வெயிலில் மத்தியானம் வரை தாங்காது. டப்பாவைத் திறந்ததும் நாற்றம். ரஹ்மத்திடம் சொன்னேன். மறுநாளிலிருந்து மத்தியானக் கூட்டுக்குத் தேங்காய் கிடையாது. பொட்டுக்கடலையை மிளகு சீரகத்தோடு பொடித்துப் போட்டுக் கெட்டியாக இறக்கினாள். தாங்கியது. உங்கள் மேடையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை வந்திருந்தால் நான் இன்றைக்கு உங்களைத் திட்டிக்கொண்டிருக்க மாட்டேன்.

பஸ்ஸில் வாசனை பரவியதும் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா?

"பாய், இன்னைக்கு என்ன, பூசணியா?"

"உனக்கு என்னடா? நீ மெஸ் சால்னாவக் குடிச்சிட்டுத் தூங்கு."

"அட, ஒரு வாய் குடுய்யா ஆப்பரேட்டரு. சுகர் உனக்கு மட்டுந்தான் வருமா? எங்களுக்கும் வரும்."

"வந்ததும் வா, தர்றேன்."

இலங்கையில் ஹட்டன் பக்கத்திலிருந்து வந்த மலையகத்துப் பையன் ஒருவன் பின்னாலிருந்து கத்துவான்: "அண்ணே, சோத்துல கொஞ்சம், கூட்டுல நெறைய எண்டு அக்காட்டச் சொல்லுங்க. நானும் பேஷன்டுதான்!"

சிரிப்பு. ஆனால் யோசித்துப் பாருங்கள். வயது வந்த ஆண்கள், கட்டடம் கட்டுகிறவர்கள், ஒரு வாய் சுரைக்காய்க்காக ஓடுகிற பஸ்ஸில் கை நீட்டுகிறார்கள். சுரைக்காய்க்கு!

6

கடைசிப் பரிசோதனை வந்தது. சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. நர்ஸ் பேப்பரைப் பார்த்துச் சிரித்தார். டாக்டர்கூட "அச்சா ஹை" என்றார். ஆனால் கிரேன் ஏற கம்பெனி வைத்திருக்கும் எல்லைக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. இன்னும் சில வாரம் போனால் அதுவும் இறங்கும் என்று டாக்டரே சொன்னார். அந்தச் சில வாரம் கம்பெனியிடம் இல்லை. அவன் குபூஸ் தின்ற மாதங்களை யாரும் திருப்பித் தரப் போவதில்லை. கேபினில் வேறு ஆள் ஏறிவிட்டான். இனி காலியானால் பார்க்கலாம் என்றார்கள்.

இப்போது செல்வராசு அதே சைட்டில், அதே கிரேனுக்குக் கீழே நிற்கிறான். மேலே இருக்கிற ஆப்பரேட்டருக்குக் கையால் சைகை காட்டுகிற வேலை. தூக்கு, இறக்கு, நிறுத்து. புதிதாக வந்த ஆப்பரேட்டர் சின்ன வயதுக்காரன், நல்ல பையன், இவனுடைய கையைப் பார்த்துத்தான் நகர்த்துகிறான். நான் பஸ்ஸை ஓரமாகப் போட்டுவிட்டுப் பார்ப்பேன். கழுத்தை அண்ணாந்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறான். சம்பளம் இறங்கிவிட்டது. மகளுக்கு இன்னும் சொல்லவில்லை. போன் பேசும்போது, "மேல நல்ல காத்து பாப்பா" என்கிறான்.

இதற்குள் இன்னொன்று நடந்தது. உங்கள் சங்கத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் அந்தக் கேள்வி-பதிலை வீடியோவாகப் போட்டிருந்தார்கள். செல்வராசு கேட்கிறான், நீங்கள் சிரித்துக்கொண்டு குபூஸ் என்கிறீர்கள், கை தட்டு. அதை வெட்டி, "சுகர் உள்ளவர்கள் கவனத்துக்கு" என்று தலைப்புப் போட்டு, வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டிருக்கிறார்கள். துபாய் தேராவில் ஒரு மளிகைக்கடைக்காரர் எனக்கே அனுப்பினார். யான்புவில் வேலை செய்கிற என் மச்சினன் அனுப்பினான், "மாமா, உங்க ஃப்ரெண்டு ஃபேமஸ் ஆயிட்டாரே" என்று. யான்பு எங்கே இருக்கிறது தெரியுமா, மேடம்? சவூதியில், செங்கடல் ஓரத்தில். உங்கள் குபூஸ் அங்கே வரை போய்விட்டது. அங்கே எத்தனை செல்வராசுகள் பையை நீட்டி வாங்கிக்கொண்டிருக்கிறார்களோ!

அஃப்ரினிடம் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவள் இங்கிலீஷில் டைப் செய்து அந்த வீடியோவுக்குக் கீழே போட்டாள். திட்டவில்லை. கேம்ப்பில் கிடைக்கிற குபூஸ் மைதா, தயவுசெய்து இதைத் திருத்திச் சொல்லுங்கள், ஒருவருக்கு கிரேன் வேலை போயிருக்கிறது. அவ்வளவுதான்.

மறுநாள் பார்த்தால் அது இல்லை.

"வாப்பா, தே டிலீட்டட் இட்."

"நீ சரியாப் போட்டியா?"

"போட்டேன் வாப்பா. வேணும்னே எடுத்திருக்காங்க. திஸ் இஸ் நாட் ஃபேர்."

மறுபடி போட்டாள். மறுபடி போய்விட்டது. அவள் முகம் சிவந்துவிட்டது. அன்றைக்குச் சாப்பிடும்போது கூட்டுக் கிண்ணத்தைத் தள்ளவில்லை. பிடித்துச் சாப்பிட்டாள் என்று சொல்ல மாட்டேன். கோபத்தில் சாப்பிட்டாள். எனக்கு அது போதும்.

அதற்குப் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன், ஊரில் அச்சாகிற பத்திரிகைக்கு, தமிழில். இதை எடுத்துவிட உங்களால் முடியாது. இதைப் படிக்க என் மகளாலும் முடியாது. அவளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.

7

இந்த வாரம் உங்கள் சங்கச் செயலாளர் போன் செய்தார். இந்த வருட ஆரோக்கிய மாலை வருகிறதாம். "அதே மேடம்தான் பாய், இந்தத் தடவ அவியல் செஞ்சு காட்டுறாங்க. ரெண்டு பஸ் ஆள் வேணும். பிரியாணி உண்டு."

"வர்றோம்" என்றேன். அவருக்குச் சந்தோஷம்.

வருகிறோம், மேடம். இரண்டு பஸ்ஸும் நிறைய வரும். பின்வரிசையில் உட்கார மாட்டோம். செல்வராசுவை முன் நாற்காலியில் உட்கார வைப்பேன். பிரியாணி வேண்டாம், ரஹ்மத் கூட்டுக் கொடுத்து அனுப்புவாள். நீங்களும் விரும்பினால் ஒரு கரண்டி சாப்பிட்டுப் பார்க்கலாம், பாதாம் பால் இருக்காது.

தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டாம். என் நம்பருக்கு ஆள் வைத்துச் சமாதானம் சொல்ல வேண்டாம். செல்வராசு கையில் பழக்கூடை கொடுத்து போட்டோ எடுக்க வேண்டாம். நீங்கள் தப்பாகச் சொன்னது மைக்கில். வீடியோவில். ஹால் கை தட்ட. அதனால் திருத்துவதும் அங்கேயே நடக்க வேண்டும்.

அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன்னால் மைக்கை எடுங்கள். போன வருடம் நான் சொன்னது தவறு, வெள்ளை குபூஸ் சர்க்கரைக்கு மருந்து இல்லை என்று சொல்லுங்கள். அதையும் வீடியோ எடுத்து, பழையதைப் போட்ட இடத்திலேயே போடுங்கள். யான்பு வரை போகட்டும்.

அதோடு விட மாட்டேன். அவன் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. சமைக்க அடுப்பு இல்லாத, வெளிச் சாப்பாடு வரக் கூடாத, காயை அவித்துத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுகிற கேம்ப்பில் இருக்கிற சர்க்கரைக்காரன் என்ன சாப்பிடுவது? தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லுங்கள். உங்கள் விழாவுக்குப் பணம் தருகிற கம்பெனிகளின் முதலாளிகள் முன்வரிசையில் இருப்பார்கள். தெரியாவிட்டால் அவர்கள் பக்கம் திரும்பி, அதே மைக்கில் அவர்களைக் கேளுங்கள்.

செல்வராசு நிற்பான். அவனுக்கு இப்போது நின்று பழக்கம். எல்லார் முன்னாலும், அவன் முகத்தைப் பார்த்து, பதில் சொல்லுங்கள்.